எலும்பு உடைந்த கையை மூன்றாம் நாளே அசைக்கலாமா? முழங்கையில் ஆரை எலும்பின் தலை உடையும்போது செய்ய வேண்டியவை

கேட்கப்பட்ட கேள்வி இது. மனைவிக்கு 36 வயது. மழை ஈரத்தில் வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். முழங்கை வீங்கிவிட்டது, நீட்ட முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆர்த்தோ டாக்டர், ‘ரேடியல் ஹெட் ஃபிராக்சர், மேசன் டைப் 1’ (விரிசல் மட்டும், துண்டு நகராத முதல் வகை) என்று எழுதியிருக்கிறார். மாவுக்கட்டு போடவில்லை. கழுத்தில் ஒரு ஸ்லிங் மாட்டி, “மூணாம் நாள்லேர்ந்து மெதுவா மடக்கி நீட்டுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. உடைந்த கையை யாராவது ஆட்டச் சொல்வார்களா, நாட்டுக் கட்டுப் போடுபவரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நாற்பது நாள் அப்படியே விடலாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

டாக்டர் சொன்னதுதான் சரி. பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், கால் எலும்பு உடைந்திருந்தால் அவர்கள் சொல்வதில் பாதியாவது பொருந்தும். முழங்கை அப்படிப்பட்ட இடம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எலும்பு மருத்துவராக இருக்கிறேன். இந்த முறிவில் எலும்பு கூடாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் என்னிடம் மிகக் குறைவு. எலும்பு நன்றாகக் கூடி, மூட்டு இறுகிப்போய், சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வந்தவர்கள் நிறைய. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உடைந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. மேசையில் கையை ஊன்றினால் இடிக்கிற அந்த முழங்கை முனை அதனுடையது. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், தமிழில் ஆரை எலும்பு. அதன் மேல்முனை, முழங்கை மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பகுதிதான் ரேடியல் ஹெட், அதாவது ஆரை எலும்பின் தலை. அதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். உங்கள் நல்ல கையை முழங்கையில் செங்கோணமாக மடக்குங்கள். வெளிப்பக்கம் ஒரு எலும்பு மேடு துருத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மற்றக் கையின் கட்டைவிரலை நகர்த்தி அழுத்திக்கொண்டு, உள்ளங்கையை மேலே, கீழே என்று திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருளும். அதுதான்.

அகல் விளக்கைப் போல மேற்புறம் லேசாகக் குழிந்த ஒரு வட்டு அது. மேற்கை எலும்பின் அடியில் இருக்கும் ஓர் உருண்டை அந்தக் குழியில் பொருந்துகிறது. கைக்கு வளையல் மாதிரி, அந்தத் தலையைச் சுற்றி ஒரு நார் வளையம் இருக்கிறது. வளையலுக்குள் கை திரும்புவதைப் போல, அந்த வளையத்துக்குள் தலை சுழல்கிறது. பூட்டில் சாவியைத் திருப்புவது, கரண்டியால் கிளறுவது, மீதிச் சில்லறை வாங்க உள்ளங்கையை விரிப்பது, எல்லாம் இந்தச் சுழற்சியால்தான். ஆக இந்த ஒரு சின்ன வட்டுக்கு இரண்டு வேலை. மடக்கி நீட்டும்போதும் அது நகர வேண்டும், திருப்பும்போதும் சுழல வேண்டும். அதில் ஒரு பிசிறு நின்றாலும் இரண்டு அசைவும் தட்டும்.

கை ஊன்றி விழுந்தால் இது ஏன் உடைகிறது? கீழே விழும்போது யாருமே யோசிக்காமல் கையை நீட்டிவிடுகிறோம். உள்ளங்கை தரையில் அறைகிறது, விசை ஆரை எலும்பு வழியாக மேலேறுகிறது. முன்கை வழியாக ஏறும் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இந்தத் தலைதான் மேற்கை எலும்புக்குக் கடத்துகிறது. முழங்கை சற்றே மடங்கி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும் நிலையில் அந்த வட்டின் முன் ஓரம் மேற்கை எலும்பின் உருண்டையில் போய் மோதி விரிசல் விடுகிறது. வயதுவந்தவர்களுக்கு முழங்கையில் வரும் முறிவுகளில் சுமார் மூன்றில் ஒன்று இதுதான். ஈர வாசல், குளியலறை, ஸ்கூட்டர் சறுக்கல், ஷட்டில் ஆடும்போது பின்னால் விழுவது என்று வழக்கமாக வரும் கதைகள் இவைதான்.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தலை உடைவதைவிட அதற்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி உடைவதுதான் அதிகம். மேற்கை எலும்பின் அடிப்பகுதி முறிவது அதைவிட அதிகம். கையைப் பிடித்து இழுத்தால் தலை வளையத்திலிருந்து நழுவுவதும் உண்டு. இந்தப் பதிலை வைத்துக் குழந்தையின் கையை முடிவு செய்யாதீர்கள்.

இனி, டாக்டர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார் என்பதைச் சொல்கிறேன். இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ரே மட்டும் முழுக் கதையையும் சொல்லாது.

நோயாளி உள்ளே வரும்போதே பாதி தெரிந்துவிடும். நல்ல கையால் அடிபட்ட முன்கையைத் தாங்கிக்கொண்டு, முழங்கையை மடக்கியபடியே வருவார். “ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க” என்பேன். முழுதாக நீட்ட முடிந்தால் முறிவு இருக்கும் வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. முழங்கையை முழுதாக நீட்ட முடிந்த வயதுவந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் முறிவு இருந்தது. நீட்ட முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். அடுத்து, மேலே சொன்ன அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக முன்கையைத் திருப்புவேன். அங்கே வலி குத்தினால் கிட்டத்தட்ட உறுதி.

அதோடு நிறுத்தக் கூடாது. முழங்கையின் உட்பக்கமும் வலிக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பக்கத்து நாரும் கிழிந்திருக்கலாம், மூட்டு ஒரு கணம் விலகித் திரும்ப உட்கார்ந்திருக்கலாம். மணிக்கட்டு வலிக்கிறதா? இதைக் கேட்க மறந்தால் பெரிய தப்பு. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஒரு சவ்வு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. விழுந்த வேகம் அதிகமானால் மேலே தலை நொறுங்குவதோடு இந்தச் சவ்வும் கிழிந்து, கீழே மணிக்கட்டு மூட்டும் குலைந்துவிடும். 1951இல் பீட்டர் எசெக்ஸ்-லோப்ரெஸ்டி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயராலேயே இந்தக் காயம் அழைக்கப்படுகிறது. வலியெல்லாம் முழங்கையில் இருக்கும்போது மணிக்கட்டைப் பற்றி நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

நரம்பையும் பார்க்க வேண்டும். தலைக்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. விரல்களை அவற்றின் அடி மூட்டிலிருந்து நிமிர்த்துவதும், கட்டைவிரலை உயர்த்துவதும் அதன் வேலை. அவை இரண்டும் முடிந்தால் நரம்பு நலம்.

எக்ஸ்ரேயில் இந்த முறிவு பல நேரம் மயிரிழை போலத்தான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. நேர்ப் படம், பக்கவாட்டுப் படம் இரண்டிலும் எதுவும் இல்லை, ஆனால் தொட்டால் துடிக்கிறார் என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது எலும்பைவிட எலும்புக்கு அருகே இருக்கும் கறுப்பு நிழலைத்தான் தேடுவோம். மூட்டுக்கு முன்னும் பின்னும் சிறு கொழுப்புத் திட்டுகள் உண்டு, எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து உப்பினால் அந்தத் திட்டுகள் மேலெழும்பும். முன்பக்கத் திட்டு பாய் விரித்த படகு மாதிரி நிற்கும். பின்பக்கத் திட்டு சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது. மடக்கிய முழங்கையின் பக்கவாட்டுப் படத்தில் அது தெரிந்தால் மூட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். விழுந்துவிட்டு வரும் வயதுவந்தவருக்கு அந்த ‘ஏதோ’ பெரும்பாலும் ஆரை எலும்புத் தலையில் ஒரு விரிசல்தான். “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்” என்று அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் அந்தப் படத்தையே கொண்டுவந்து காட்டும்போது, பின்னால் அந்தக் கறுப்புக் கீற்று தெளிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் 45 டிகிரி சாய்த்து எடுக்கும் இன்னொரு படம் உண்டு, அது தலையை மற்ற எலும்புகளிலிருந்து பிரித்துக் காட்டும். துண்டு நகர்ந்திருந்தாலோ, பல துண்டாகியிருந்தாலோ சி.டி. ஸ்கேன் தேவை. டைப் 1க்கு சி.டி. பொதுவாகத் தேவைப்படாது.

அந்த ‘மேசன் டைப்’ விவகாரத்துக்கு வருகிறேன். மேசன் என்ற அறுவை மருத்துவர் 1954இல் நூறு நோயாளிகளைப் பார்த்து மூன்றாகப் பிரித்தார். விரிசல் இருக்கிறது, துண்டு நகரவில்லை என்றால் முதல் வகை. ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து நகர்ந்திருந்தால் இரண்டாவது. தலை முழுவதும் நொறுங்கியிருந்தால் மூன்றாவது. மூட்டு விலகலோடு சேர்ந்து வருவதை 1962இல் ஜான்ஸ்டன் நான்காவதாகச் சேர்த்தார். எவ்வளவு நகர்ந்தால் ‘நகர்ந்தது’ என்பதற்கு 1987இல் பிராபெர்க், மோரி இருவரும் அளவு வைத்தார்கள்: 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகி, தலையின் பரப்பில் 30 சதவீதமாவது அந்தத் துண்டில் இருந்தால் இரண்டாம் வகை.

இந்த எண்கள் உதவும். ஆனால் இரண்டு டாக்டர்கள் ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் ஒன்று என்றும் இன்னொருவர் இரண்டு என்றும் சொல்வது சகஜம். எனக்கு வகை எண்ணைவிட முக்கியமான கேள்வி வேறு: கையைத் திருப்பும்போது எங்காவது எலும்பு போய்த் தட்டி நிற்கிறதா, அல்லது வலியால்தான் நிற்கிறதா? வைத்தியம் முழுக்க இந்தப் பதிலில்தான் பிரிகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் விதத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா வந்தார், ஐம்பதை ஒட்டிய வயது. படத்தில் விரிசல், ஒரு மில்லிமீட்டர் போல நகர்ந்திருந்தது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் பாதியிலேயே நின்றது. “அதுக்கு மேல வரல சாமி” என்றார், கண்ணில் நீர். தட்டுகிறதா, வலிக்கிறதா? வெளிப்பக்க எலும்பு மேடு, ஆரை எலும்பின் தலை, முழங்கை முனை இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு மெத்தென்ற முக்கோணம் உண்டு. தோலை நன்றாகச் சுத்தம் செய்து அந்த இடத்தில் ஊசி போட்டு உறிஞ்சினேன். நான்கு மில்லி அளவுக்குக் கறுத்த ரத்தம் வந்தது. அதைக் கிண்ணத்தில் விட்டபோது மேலே ரசத்தில் எண்ணெய் மிதப்பது போலச் சின்னச் சின்ன கொழுப்பு வட்டங்கள் மிதந்தன. அது எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு. மூட்டுக்குள் எலும்பு உடைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதே ஊசி வழியாக மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு திருப்பச் சொன்னேன். உள்ளங்கை முழுதாக மேலே திரும்பியது. அந்த அம்மாவே தன் கையை நம்பாமல் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். தட்டவில்லை, ஆகவே அறுவை வேண்டாம். உப்பிய மூட்டிலிருந்து ரத்தம் வெளியேறியதில் அன்றைக்கே வலியும் பாதியானது.

எல்லோருக்கும் இந்த ஊசி தேவையில்லை. உங்கள் மனைவிக்கு நான்கைந்து நாளில் வலி தணிந்ததும் கை தானாகத் திரும்ப ஆரம்பித்தால் தட்டல் இல்லை என்று அதுவே சொல்லிவிடும். வலி தணிந்த பிறகும் ஒரே இடத்தில் கதவு நிலையில் இடிப்பது போல நின்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, முதல் வகைக்கு வைத்தியம். உடைந்த எலும்பை அசைத்தால் துண்டு நகராதா என்பது நியாயமான கேள்வி. முதல் வகையில் அந்தத் துண்டு முழுக்க விட்டுப்போகவில்லை. வளையல் மாதிரி இருக்கும் நாரும், தலையைச் சுற்றியுள்ள சவ்வும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பளு இல்லாமல், தன் சொந்த முயற்சியில் மடக்கி நீட்டும்போது அதன்மேல் விழும் விசை குறைவு. பளு தூக்குவதும், கையை ஊன்றி எழுவதும்தான் ஆபத்து. அசைப்பது வேறு, பாரம் ஏற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும் புரியவையுங்கள்.

அசைக்காமல் விட்டால் என்ன ஆகும்? முழங்கை மூட்டின் உறை மெல்லியது, அடிபட்டால் சீக்கிரம் தடித்துச் சுருங்கும் குணம் கொண்டது. உள்ளே கசிந்த ரத்தம் தழும்பாக மாறும். இரண்டு வாரத்துக்கு மேல் கட்டிவைத்த முழங்கையைப் பிரித்தால், எலும்பு முறிவைவிடப் பெரிய வேலை காத்திருக்கும். கை நேராக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அன்றாட வேலைக்கு முழங்கை 30 டிகிரி வரை நீண்டு, 130 டிகிரி வரை மடங்கினால் போதும், இரு பக்கமும் 50 டிகிரி திரும்பினால் போதும் என்று 1981இல் மோரியும் உடன் ஆய்வு செய்தவர்களும் அளந்து காட்டினார்கள். அந்த அளவைக் காப்பாற்றுவதுதான் முதல் இலக்கு.

கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தது நினைவிருக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுவந்தார். உங்கள் மனைவிக்கு இருப்பதைப் போன்ற சாதாரண விரிசல்தான். ஓரிடத்தில் ஆறு வாரம் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பிரித்ததும் கை நீளவில்லை. அப்புறம் தினமும் எண்ணெய் போட்டு உருவி, இருவர் பிடித்து அழுத்தி நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறார், மறுநாள் இன்னும் வீங்கியிருக்கிறது. என்னிடம் வந்தபோது 60 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரைதான் அசைவு. ஸ்பூனை நீளக் குச்சியில் கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிய எக்ஸ்ரேயில், மூட்டுக்கு முன்னால் தசைக்குள் வெள்ளையாக ஒரு எலும்புப் பாலம் வளர்ந்திருந்தது. காயம்பட்ட முழங்கையை வலுக்கட்டாயமாக உருவும்போதும் இழுக்கும்போதும் தசைக்குள் இப்படி எலும்பு படியும் அபாயம் உண்டு. பிறகு அறுவை செய்து அதை அகற்றி, மூட்டுறையை விடுவித்து, மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து 110 டிகிரிக்குப் பக்கமாக மடங்க வைத்தோம். வாய்க்குக் கை எட்டியது. தொடக்கத்தில் ஒரு ஸ்லிங்கும் தன் முயற்சியில் செய்யும் பயிற்சியும் போதுமாக இருந்த கை அது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: முழங்கையை யாரும் உருவக் கூடாது, நீவக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது. நாட்டுக் கட்டோ, பிசியோதெரபி மையமோ, வீட்டுப் பாட்டியோ, யாராக இருந்தாலும் இதே விதிதான். அசைப்பது அவர் கையாலேயே, அவர் தாங்கும் அளவுக்கு.

என்னென்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். முதல் இரண்டு மூன்று நாள் ஸ்லிங். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை. வளையல், மோதிரம் போட்டிருந்தால் முதல் நாளே கழற்றிவிடுங்கள், வீக்கம் விரலுக்கு இறங்கும். விரல்களை மூடித் திறப்பதும் தோளைச் சுழற்றுவதும் முதல் நாளிலிருந்தே. வலிக்கு பாராசிட்டமால் பெரும்பாலும் போதும், போதாவிட்டால் டாக்டர் எழுதித் தருவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். வலி மாத்திரையைத் தவிர்த்துவிட்டு வலியால் அசைக்காமல் இருப்பதைவிட, மாத்திரை போட்டுக்கொண்டு அசைப்பது நல்லது.

மூன்றாம் நாளிலிருந்து ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு நாளைக்கு நான்கைந்து தடவை பயிற்சி. நான் முதலில் சொல்லித் தருவது படுத்துச் செய்வது. மல்லாந்து படுத்து, மேற்கையைக் கூரையைப் பார்க்க நேராக நிறுத்த வேண்டும். நல்ல கையால் அடிபட்ட மணிக்கட்டை லேசாகத் தாங்கிக்கொள்ளலாம். முன்கையை மெல்ல நெற்றிப் பக்கம் இறக்கி, மறுபடி மேலே நீட்ட வேண்டும். இப்படிப் படுத்திருக்கும்போது முன்கையின் எடையே மடக்கத்துக்கு உதவும், தசையும் பதற்றமில்லாமல் தளர்ந்திருக்கும். பத்து முறை போதும். அடுத்தது உட்கார்ந்து செய்வது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, கையில் ஒரு பேனாவையோ கரண்டியையோ பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பேனா எவ்வளவு சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், நேற்றைவிட இன்று எவ்வளவு என்பதும் தெரியும். முழங்கை இடுப்பை விட்டு விலகினால் தோள்தான் திரும்புகிறது, கணக்கில் வராது.

பயிற்சியின்போது இழுவை தெரியும், வலிக்கும். முடித்து அரை மணியில் அந்த வலி அடங்கினால் அளவு சரி. மறுநாள் வீக்கம் கூடினால் அதிகம் செய்துவிட்டீர்கள், கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள், நிறுத்த வேண்டாம்.

ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி ஓர் எக்ஸ்ரே. துண்டு நகரவில்லை என்று உறுதி செய்யத்தான் அது, தவறவிடாதீர்கள். ஸ்லிங்கை அதற்குள் பெரும்பாலும் விட்டுவிடலாம். தட்டில் சாப்பிடுவது, தலை வாருவது, முகம் கழுவுவது, கணினியில் தட்டச்சு எல்லாம் முடிந்த அளவு அந்தக் கையாலேயே செய்யட்டும், அதுவும் பயிற்சிதான். தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தையைத் தூக்குவது, மாவு பிசைவது, துணி பிழிவது, தரையில் கை ஊன்றி எழுவது, இவை ஆறு வாரம் வேண்டாம். ஸ்கூட்டரும் அப்படித்தான், சட்டென்று பிரேக் பிடித்துக் கையில் பாரம் விழுந்தால் தாங்காது. ஆறு வாரத்தில் பெரும்பாலும் எலும்பு கூடிவிடும். முழு பலம் வர மூன்று மாதம் ஆகலாம். கடைசிப் பத்து டிகிரி நீட்டம் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வரும், சிலருக்குக் கொஞ்சம் வராமலே போகும். அதனால் வேலை எதுவும் கெடாது. முதல் வகையில் பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள், அதில் பயமே வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் சூப் குடிப்பதால் பயிற்சியை விடலாம் என்று இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு உடைந்தால், எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் சோதித்துவிடுவது நல்லது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும்.

இரண்டாம் வகையில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, இதை மறைப்பதில் பயனில்லை. தட்டல் இல்லாவிட்டால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அறுவையில்லாமல் முதல் வகை போலவே பார்க்கலாம் என்பது என் பழக்கம். சுவீடனில் மால்மோ நகரத்தில் இப்படி அறுவையில்லாமல் விடப்பட்டவர்களைப் பத்தொன்பது ஆண்டுகள் போலக் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குக் குறை எதுவும் இல்லை. தட்டல் இருந்தால் கதை மாறிவிடும். அப்போது திறந்து, துண்டைச் சரியாகப் பொருத்தி, தலையில்லாத சின்ன ஸ்க்ரூக்களை எலும்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். ஸ்க்ரூ துருத்திக்கொண்டிருந்தால் அல்னாவோடு உரசும். தலையின் சுற்றளவில் சுமார் 110 டிகிரி அளவுக்கு மட்டும்தான் அல்னாவைத் தொடாத பகுதி. பிளேட் வைப்பதென்றால் அங்கேதான் வைக்க வேண்டும். முன்பு சொன்ன நரம்பு அருகிலேயே இருப்பதால், அறுவையின்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி வைப்பார்கள், நரம்பு சற்று விலகிக் கொடுக்கும். ஸ்க்ரூ போட்ட கையும் சில நாளிலேயே அசைய வேண்டும். அறுவை செய்வதே சீக்கிரம் அசைக்கத்தான்.

மூன்றாம் வகையில் தலை நான்கைந்து துண்டாகியிருக்கும். மூன்று துண்டுக்கு மேல் போனால் ஒட்டவைக்கும் முயற்சி பெரும்பாலும் தோற்கிறது என்று 2002இல் டேவிட் ரிங்கும் குழுவும் காட்டினார்கள். அப்போது உலோகத்தில் செய்த செயற்கைத் தலையை வைப்பதே மேல். ஒரு காலத்தில் சிலிக்கோன் தலை வைத்தார்கள். அது உடைந்து, துகள்கள் மூட்டை அழற்சிக்குள்ளாக்கியதால் கைவிடப்பட்டது. உலோகத் தலையில் அளவுதான் எல்லாம். இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடினால்கூட மூட்டு நெருக்கப்பட்டு மேற்கை எலும்பைத் தேய்க்கும். நொறுங்கிய தலையை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விடுவதும் உண்டு. வயதானவர்களில், நார்களும் நடுச் சவ்வும் முழுமையாக இருந்தால் அது தாங்கும். சவ்வு கிழிந்தவருக்குத் தலையை எடுத்துவிட்டால், ஆரை எலும்பு மெல்ல மெல்ல மேலேறி மணிக்கட்டு கோணிவிடும். மணிக்கட்டைக் கேளுங்கள் என்று முன்னால் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். மூட்டு விலகல், தலை முறிவு, அல்னாவின் முன்மூக்கு முறிவு மூன்றும் ஒன்றாக வந்தால் அது நிலைகுலைந்த முழங்கை. அதை முழங்கை அறுவையில் பழக்கமுள்ளவர் பார்ப்பது நல்லது.

எப்போது மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது? விரல்கள் மரத்து, வெளுத்து, குளிர்ந்து போனால். மாத்திரை போட்டும் வலி மணிக்கு மணி ஏறினால், விரலை யாராவது நிமிர்த்தும்போது முன்கை உயிர் போகிற மாதிரி வலித்தால். கட்டு எதுவும் போட்டிருந்தால் அந்தக் கணமே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்கைத் தசைக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரம்தான் அவகாசம், பிறகு விரல்கள் நகம் போல மடங்கி நிலைத்துவிடும். இறுக்கமான கட்டை எண்ணி நான் பயப்படுவது இதனால்தான். விரலை நிமிர்த்த முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

உங்கள் மனைவிக்கு இன்று இரண்டாம் நாள் என்று எழுதியிருந்தீர்கள். இன்று ஐஸ், ஸ்லிங், விரல் அசைவு. மணிக்கட்டையும் முழங்கையின் உட்பக்கத்தையும் மெதுவாகத் தொட்டு வலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளையே டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளை காலை மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, அவரைக் கட்டிலில் படுக்க வைத்து முதல் பத்து முறை செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள், கையைப் பிடிக்காதீர்கள். மறு எக்ஸ்ரேக்குப் போகும்போது மடக்கம், நீட்டம், திருப்பம் மூன்றும் எத்தனை டிகிரி என்று டாக்டரிடம் கேட்டு, அந்த எக்ஸ்ரே உறையின் மேலேயே தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.